மணத்தக்காளிக் கீரையும் ஒரு வெள்ளைப் பொட்டலமும்: ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் புகையிலைப் பழக்கம், ஒரு நிகழ்வு ஆய்வு

இதை எழுதலாமா என்று பையனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு போடாம எழுதுங்க டீச்சர்" என்றார் அம்மா. பையன், "என்னைய ரொம்ப நல்லவனா எழுதிராதீங்க மிஸ்" என்றான். அதனால் பெயர், பள்ளி, தெரு எதுவும் இதில் வராது. ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன், நடந்த வரிசையை மாற்றவில்லை. நான் திருப்பூர் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறவள், அந்த வருடம் அவனுக்கு வகுப்பாசிரியை. ஆலோசகரோ மருத்துவரோ இல்லை. இதில் நான் சொதப்பிய இடமும் வரும், அதை மறைத்து எழுதினால் படிப்பவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

பின்னணி

2023 ஜூன். பையனுக்கு வயது 14. ஒரு தம்பி, அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. சொந்த ஊர் தேனி பக்கம், குடும்பம் திருப்பூர் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்பா பனியன் கம்பெனியில் டெய்லர், அம்மா இன்னொரு கம்பெனியில் செக்கிங். இரண்டு பேருக்கும் முக்கால்வாசி நாள் ஒன்றரை ஷிப்ட். திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: காலை எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே வரலாம், எக்ஸ்போர்ட் ஆர்டர் அவசரம் என்றால் அதற்கும் மேலே போகும். சனிக்கிழமை சம்பளம். அந்த அரை ஷிப்ட் காசு இல்லாவிட்டால் வாடகையும் சீட்டும் கட்டி வராது.

பள்ளி விட்டு பையன்கள் இரண்டு பேரும் லைன் வீட்டுக்கு வந்து சேரும்போது நாலே கால். அம்மா வருவது எட்டே முக்கால். நடுவில் நாலரை மணி நேரம் வீட்டில் பெரியவர் யாரும் இல்லை. அம்மா காலையிலேயே ஆக்கி வைத்துவிட்டுப் போன சோறு இருக்கும், டிவி இருக்கும், தெரு முனையில் பெரிய பையன்கள் இருப்பார்கள்.

இன்னும் இரண்டு விஷயம், இது இரண்டும் எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. ஒன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் பையன் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன யூனிட்டில் பிசிர் வெட்டவும் துணி அடுக்கிக் கட்டவும் போய்க்கொண்டிருந்தான். அப்பாதான் அனுப்பினார், "சும்மா சுத்துறதுக்கு வேலை பழகட்டும்" என்று. கையில் கொஞ்சம் காசு, அதற்குக் கணக்குக் கேட்க ஆளில்லை. இன்னொன்று, அப்பா பல வருடமாக உதட்டுக்கடியில் புகையிலை வைப்பவர். அந்தப் பொட்டலத்தைக் கடையில் போய் வாங்கி வருவது எட்டு ஒன்பது வயதிலிருந்தே பெரியவன் வேலை. மீதிச் சில்லறையில் மிட்டாய் வாங்கிக்கொள்ளலாம். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டம் சொல்கிறது. 'அப்பாவுக்குத்தான்' என்று பையன் சொல்லிவிட்டால் விற்கலாம் என்று அதில் எங்கேயும் கிடையாது. ஆனால் நம் தெருக்களில் அந்த ஒரு சொல் போதும்.

கண்ணில் பட்டவை

பள்ளியில் நான் பார்த்தது இதுதான். இரண்டாவது பீரியட் ஆரம்பித்து பத்து நிமிடத்தில் பாத்ரூம் போகணும் என்று எழுந்து நிற்பான், தினமும். ஜன்னல் ஓரம்தான் உட்காருவான், அடிக்கடி வெளியே துப்புவான். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், வாயைத் திறக்க மாட்டான். போன வருடம் வாய் ஓயாமல் பேசியவன் என்று எட்டாம் வகுப்பு டீச்சர் சொன்னார். நான் வயசு என்று விட்டுவிட்டேன், குரல் உடைகிற பருவத்தில் சில பையன்கள் இப்படி ஆவதுண்டு. பக்கத்தில் போனால் புதினா வாசம் அடித்தது. மிட்டாய் சாப்பிடுகிறான் என்று நினைத்தேன்.

வீட்டில் அம்மா பார்த்தது இதைவிடத் தெளிவானது. குழம்பு காரம் என்று தட்டைத் தள்ளினான். தயிர்ச்சோறு மட்டும் கேட்டான். கறி எடுத்த ஞாயிற்றுக்கிழமைகூட வெறும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டான். வாயில் புண் என்றான். அம்மா உடம்புச் சூடு என்று முடிவு கட்டி, மூன்று வாரம் தொடர்ந்து மணத்தக்காளிக் கீரை கடைந்து கொடுத்திருக்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வந்து கீரை ஆய்ந்து, மறுநாள் காலையில் தேங்காய்ப்பால் ஊற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "வயித்துல புண்ணு இருந்தா வாயில வரும்னு எங்கம்மா சொல்லும், நானும் அப்படியே செஞ்சேன் டீச்சர்." இதைச் சொல்லும்போதுதான் அவர் முதல் தடவையாக அழுதார்.

கவனிக்காத அம்மா என்று யாரும் சொல்ல முடியாது. கவனித்தார், அதற்கு அவருக்குத் தெரிந்த பெயரை வைத்தார். எங்கள் இரண்டு பேர் கையிலும் ஆளுக்குப் பாதி விடை இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருந்தால் ஜூலையிலேயே தெரிந்திருக்கும். பேசவில்லை, ஏனென்றால் பெற்றோர் கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வைப்போம், அந்த நேரத்தில் செக்கிங் டேபிளை விட்டு எழுந்தால் சம்பளம் பிடிப்பார்கள்.

தெரிய வந்த நாள்

ஆகஸ்ட் கடைசி. வேலை நாளாக வைத்திருந்த ஒரு சனிக்கிழமை. சாயங்காலம் வகுப்பைப் பூட்டும் முன் சாய்ந்து கிடந்த பெஞ்சு ஒன்றை நிமிர்த்தினேன். அடியில் பபிள்கம் ஒட்டுகிற மாதிரி வரிசையாகச் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டலங்கள், டீ பேக்கைக் குட்டியாக்கியது போல, காய்ந்து பழுப்பேறி ஒட்டியிருந்தன. பன்னிரண்டு வரை எண்ணினேன். பையன்கள் 'கூல்' என்று சொல்வது இதைத்தான். புகையிலைத் தூளைப் பொட்டலமாக்கிப் புதினா வாசனை போட்டது. துப்ப வேண்டிய அளவு எச்சில் ஊறும், புகை கிடையாது, கையில் கறை கிடையாது. வகுப்பில் உட்கார்ந்தபடியே வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் புகையிலை கலந்த குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013-இல் இருந்தே தடை உத்தரவு இருக்கிறது. தெருவில் என்ன கிடைக்கிறது என்பது வேறு கதை.

சைக்கிள் எடுக்க வந்தவனை லேபுக்குக் கூப்பிட்டேன். திட்டவில்லை. பெஞ்சில் பார்த்ததை மட்டும் சொன்னேன். ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தவன், கேட்காமலே கீழுதட்டை விரலால் மடித்துக் காட்டினான். ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிய விரல் நுனி மாதிரி உள்பக்கம் வெளுத்துச் சுருங்கியிருந்தது, ஓரத்தில் இரண்டு இடம் சிவந்து புண்ணாக இருந்தது.

எத்தனை நாளாக என்றேன். எட்டாம் வகுப்புப் பெரிய லீவிலிருந்து என்றான். யூனிட்டில் ஒரு அண்ணன் கொடுத்தது. ஒரு நாளைக்கு மூன்று, சில நாள் நாலு. ஐந்து பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வார்களாம். "முதல்ல தலை கிர்ருனு சுத்துச்சு மிஸ், வாந்தி எடுத்தேன். அப்புறம் பழகிருச்சு. ஒண்ணு வச்சா சாயங்காலம் பசிக்காது." நாலரை மணி நேரம் என்று மேலே எழுதினேனே, அதற்குள் இந்தப் பசியும் இருந்தது.

கிளம்பும்போது, "அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க மிஸ்" என்றான். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்: 'சொல்லத்தான் போகிறேன், ஆனால் எப்படிச் சொல்வது என்று நீயும் நானும் சேர்ந்து முடிவு செய்வோம்' என்று.

அன்று ராத்திரி

ஆறரை மணிக்கு அப்பாவுக்கு போன் போட்டேன். சனிக்கிழமை. சம்பளம் வாங்கி, இரண்டு பேரோடு ஒயின்ஷாப் வாசலில் நின்றுகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சியும் செய்யவில்லை. "உங்க பையன் புகையிலை போடுறான், திங்கக்கிழமை வந்து பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். கடமை முடிந்தது என்று ஒரு நிம்மதி வேறு.

ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா அழைத்தார். அப்பா பெல்ட்டால் அடித்திருக்கிறார். தம்பி குறுக்கே விழுந்து அவனுக்கும் ஒன்று விழுந்திருக்கிறது. பையன் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டான். பஸ் ஸ்டாண்டு, பெரிய கோயில் மண்டபம், ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் தேடி, விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த யூனிட்டில் கண்டுபிடித்தார்கள். பனியன் வேஸ்ட் மூட்டைகள் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அங்கே தங்கியிருந்த அண்ணன் சமாதானம் சொல்லிப் படுக்க வைத்திருக்கிறான். சமாதானத்தோடு ஒரு பாக்கெட்டும் கையில் கொடுத்திருக்கிறான்.

அந்த ராத்திரி பையன் ஓட ஒரே இடம்தான் இருந்தது, அங்கே அவனை உட்கார வைத்துப் பேசியவன் கையில் இருந்தது அதே பொட்டலம். என் போன்காலும் அவர் பெல்ட்டும் சேர்ந்து அவனை அங்கே கொண்டுபோய் விட்டோம். இதை நான் வார்த்தைக்காகச் சொல்லவில்லை, வரிசையைப் பாருங்கள், அப்படித்தான் நடந்தது.

திங்கட்கிழமை

அப்பா, அம்மா இரண்டு பேரும் லீவு போட்டு வந்தார்கள். தலைமையாசிரியர் டி.சி. கொடுத்துவிடலாம் என்ற பேச்சில் இருந்தார். கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாம் வகுப்பு முடிகிற வரை பள்ளியை விட்டு நீக்க முடியாது, ஒன்பதுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் பயமும் நியாயமானதுதான், ஒருவனைப் பார்த்துப் பத்துப் பேர் என்று ஆகிவிடுமோ என்று. நான் சொன்னது ஒன்றே ஒன்று: சார், டி.சி. கொடுத்தால் நாளைக் காலை அவன் நேராக அந்த யூனிட்டுக்குத்தான் போவான், மற்ற நாலு பேர் இங்கேயேதான் இருப்பார்கள். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். அரையாண்டு வரை பார்ப்போம் என்றார். அது போதும்.

அப்பா தலை குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் பொட்டலம் துருத்திக்கொண்டு தெரிந்தது. பையனை வெளியே அனுப்பிவிட்டுத்தான் அதைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நானே போடுறேன் டீச்சர். அவனைக் கேக்க எனக்கு வாயில்ல. அதான் கை நீண்டுருச்சு." பன்னிரண்டு மணி நேரம் மெஷினில் உட்கார்ந்தால் மத்தியானத்துக்கு மேல் கண் சொருகும், இது இருந்தால்தான் ஓடும் என்றும் சொன்னார். அவரிடம் பிரசங்கம் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

அன்று முடிவு செய்தது சில விஷயங்கள். முதலில் டாக்டர். அதிலும் முதலில் பல் டாக்டர், ஏனென்றால் 'மனநலப் பிரிவு' என்றதும் அப்பா முகம் மாறியது, வாய்ப்புண் என்றால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை நிற்க வேண்டும், புகையிலை வாங்க எந்தப் பையனையும் கடைக்கு அனுப்பக் கூடாது, அடி கிடையாது. மற்ற நாலு பையன்கள் யார் என்று இவனிடம் கேட்டு அழுத்துவதில்லை என்பதும் அன்று பேசியதுதான். அதை நானே ஒரு வாரத்தில் மீறினேன், யார் யார் என்று துருவிக் கேட்டேன், அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவன் என்னிடம் பேசவே இல்லை.

கடை விஷயம் தனி. பி.டி. சார் ஓட்டப் பந்தயத்துக்கு வைத்திருக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு போய் கேட்டிலிருந்து கடை வரை அளந்தார், 62 மீட்டர். கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள், அதாவது 91 மீட்டருக்கு, புகையிலை விற்கக் கூடாது. சிறாருக்குப் புகையிலை கொடுத்தால் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். தலைமையாசிரியர் பள்ளியின் லெட்டர்பேடில் காவல் நிலையத்துக்கும் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் எழுதினார். எந்த மாணவன் பெயரும் அதில் வரக் கூடாது என்பதில் கறாராக இருந்தோம், அவன்தான் காட்டிக்கொடுத்தான் என்று தெருவில் பேச்சு வந்தால் தீர்ந்தது. கடை சில நாள் பூட்டியிருந்தது. அப்புறம் திறந்தார்கள், முன்னால் தொங்கியது உள்ளே போனது. மறுபடி எழுதினோம். இது ஒரு தடவையில் முடிகிற வேலை இல்லை.

டாக்டர் சொன்னதும் வீட்டில் செய்ததும்

அரசு மருத்துவமனைப் பல் மருத்துவர் உதட்டைப் பார்த்துவிட்டு, நிறுத்தினால் சில வாரத்தில் தோல் பழையபடி ஆகிவிட வாய்ப்பு அதிகம், நிறுத்தியும் ஆகவில்லை என்றால் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார். பையன் பயந்தது அந்த இரண்டாவது பாதிக்குத்தான். மாடியில் இருந்த மனநல மருத்துவரிடம் அனுப்பியதும் அவர்தான். அந்த டாக்டரம்மா, பையனின் அப்பா அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு பையனிடம் தனியாக அரை மணி நேரம் பேசினார். வேறு என்னென்ன என்று கேட்டதில், பஞ்சர் ஒட்டும் பசையை இரண்டு தடவை முகர்ந்து பார்த்திருக்கிறான் என்பது வெளியே வந்தது. டாக்டருக்கு இதில் ஆச்சரியம் இல்லை. 2019-இல் வெளியான எய்ம்ஸின் நாடு தழுவிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறார்களிடம் அதிகமாக இருந்த ஒரே போதை இப்படி முகர்வதுதான்: 10 முதல் 17 வயதில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58. விலை மலிவு, சைக்கிள் கடையிலும் ஸ்டேஷனரியிலும் கிடைக்கிறது, வாங்கினால் யாரும் கேட்பதில்லை. நம் கண் பிராந்தி பாட்டிலைத் தேடுகிறது.

நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாள்தான் கடுமை, எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை எல்லாம் வரும், இரண்டிலிருந்து நாலு வாரத்தில் அடங்கும் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார். இது பெரிய உதவி. இல்லாவிட்டால் அந்த மூன்று நாளில் அவன் தட்டைத் தூக்கி எறிந்ததையும் தம்பியை அடித்ததையும் 'திமிர்' என்று வீட்டில் எடுத்துக்கொண்டிருப்பார்கள். போடணும் போல வரும்போது அந்த ஆசை சில நிமிடம்தான் நிற்கும், அந்தச் சில நிமிடத்தைத் தள்ளிப்போட ஏதாவது கையில் இருக்கட்டும் என்றார். மருந்து உடனே வேண்டாம், பார்த்துக்கொண்டு முடிவு செய்யலாம் என்றார்.

அப்புறம் அப்பாவைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா விடுங்களேன், துணைக்குத் துணை ஆச்சு" என்றிருக்கிறார். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் கொண்டுவர மாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

நாலரை மணி நேரத்துக்கு என்ன செய்வது என்பதில்தான் வீடு ரொம்பத் திண்டாடியது. அம்மா ஒரே ஷிப்ட் மட்டும் பார்க்கிறேன் என்று கேட்டார், பழைய கம்பெனியில் முடியாது என்றார்கள். ஒரு ஷிப்ட் மட்டும் ஓடுகிற சின்னக் கம்பெனியாகத் தேடி மாறினார். வாரத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் குறைந்தது, கட்டிக்கொண்டிருந்த சீட்டை நிறுத்த வேண்டியதாயிற்று. பிள்ளைகளோடு நேரம் செலவிடுங்கள் என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்கிறவர்கள் இந்த ஆயிரம் ரூபாயையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாராலும் முடியாது. இவர்களாலும் இரண்டு மாதத்துக்கு மேல் முடியவில்லை, தீபாவளிக்குப் பிறகு ஊரிலிருந்து அப்பத்தாவைக் கூட்டி வந்தார்கள், அம்மா மறுபடி ஒன்றரை ஷிப்ட்டுக்குப் போனார். அப்பத்தா வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர் என்பது அவர் சுருக்குப்பையோடு வந்து இறங்கிய பிறகுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது! பேரனுக்காகப் புகையிலையை விட்டார், வெற்றிலை பாக்கு நிற்கவில்லை. பாக்கும் வாய்ப்புற்றுக்கு வழிதான் என்று டாக்டர் சொன்னதற்கு, "எனக்கு எழுவது ஆச்சு, இனிமே வந்தா வரட்டும், அவன் வாய்க்குக் குடுக்க மாட்டேன் தாயீ" என்றாராம்.

அந்த முதல் இரண்டு மாதத்தில் அம்மா ஒன்றைக் கண்டுபிடித்தார், எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல். எதிரே உட்கார வைத்து "இன்னிக்குப் போட்டியா?" என்று கேட்டால் பையன் கல் மாதிரி இருப்பான். ஒரு நாள் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தபோது அவனும் ஒரு கை எடுத்து உரித்திருக்கிறான். கண்ணில் தண்ணீர் வழிய, யாரும் யாரையும் பார்க்காமல் இருந்தபோது, யூனிட்டில் நடந்தது, முதல் நாள் வாந்தி, கூட்டாளிகள் கேலி செய்தது எல்லாவற்றையும் அவனாகவே சொன்னான். அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாளாவது வெங்காயமோ பூண்டோ உரிக்கிற வேலை அவனுக்கு வைத்தார். "தேவைக்கு மேல உரிச்சு பிரிட்ஜுல கிடக்குது டீச்சர்."

கூட்டாளிகள் கொடுத்தால் என்ன சொல்வது என்பதற்கு டாக்டர் ஒரு வழி சொல்லியிருந்தார், எனக்குப் பிடித்த வழி: பழியை அப்பா மேல் போடு. "எங்கப்பன் தெனமும் வாயை மோந்து பாக்குறான்டா, மாட்டுனா தோலை உரிச்சிருவான்" என்று சொல்லிக்கொள். அப்பா உண்மையில் மோந்து பார்க்கவில்லை. ஆனால் தெருவில் அப்படி ஒரு பெயர் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். பதினாலு வயதுப் பையனால் 'எனக்கு வேண்டாம்' என்று கூட்டத்தில் சொல்லிவிட முடியாது, மானம் போய்விடும். 'என்னை விட மாட்டாங்கடா' என்று சொல்லலாம்.

தீபாவளி

அந்த வருடம் தீபாவளி நவம்பர் 12. போனஸ் வாங்கிக்கொண்டு எல்லாரையும் போல ஊருக்குப் போனார்கள். அங்கே பெரியப்பா மகன் இருந்தான், அவன் பையில் பொட்டலம் இருந்தது. மூன்று நாள். பதினோரு வாரம் தாக்குப்பிடித்த பையன் மூன்று நாளும் போட்டான்.

திருப்பூர் வந்த நாலாவது நாள் பூண்டு உரிக்கும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டான். அம்மா ராத்திரி அப்பாவிடம் சொன்னார். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனதும் அம்மாவுக்குத் திக்கென்றது. அரை மணி நேரம் தெருமுனையில் நின்றுவிட்டு வந்து, பையன் பக்கத்தில் உட்கார்ந்து, "நானும் ஊருல போட்டேன்டா" என்றிருக்கிறார். அதுவரை அவர் நிறுத்தியிருந்ததே வீட்டில் யாருக்கும் தெரியாது. நாற்பது நாளாக யாரிடமும் சொல்லாமல் விட்டுவைத்திருந்தார், சொல்லி முடியாமல் போனால் அவமானம் என்று.

மறுநாளிலிருந்து தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும் முன் இரண்டு பேரும் அதில் ஒரு கோடு போட ஆரம்பித்தார்கள், பையன் நீல மை, அப்பா கறுப்பு. போட்ட நாளில் கோடு இருக்காது, யாரும் கேட்கக் கூடாது என்பது ஒப்பந்தம். கிழித்த தாள்களைத் தம்பி ஒரு கிளிப்பில் சேர்த்து வைத்தான். ஜனவரியில் அம்மா எனக்குக் கொண்டுவந்து காட்டினார். கறுப்பில் விடுபட்ட இடங்கள் அதிகம்.

என்ன ஆனது

2024 மார்ச்சில் பல் டாக்டர் பார்த்தபோது உதடு சரியாகியிருந்தது. அப்பத்தா கொண்டுவந்த உப்பு நெல்லிக்காயை டிசம்பரில் வாயில் வைத்ததும் எரிகிறது என்று துப்பியவன், பொங்கலுக்குள் பாட்டிலைக் காலி செய்துவிட்டான். எங்கள் எல்லாருக்கும் டாக்டருக்கு முன்னால் தெரிந்த ரிப்போர்ட் அதுதான். பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை மறுபடி வழுக்கினான், இரண்டு தடவையும் அவனே வீட்டில் சொன்னான். படிப்பில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை, கணக்கு முன்பும் வராது, பின்பும் வரவில்லை, தட்டுத் தடுமாறிப் பாஸ் பண்ணினான். அப்பா முழுதாக விடவில்லை. குறைத்திருக்கிறார்.

மற்ற நாலு பையன்களில் மூன்று பேர் வீட்டாரை நேரில் பார்த்துப் பேச முடிந்தது, இந்த முறை ஒருவரைக்கூடப் போனில் அழைக்கவில்லை. நாலாவது பையன் அரையாண்டுக்கு முன்னாலேயே பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். இரண்டு தடவை வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்தது. சாயப்பட்டறையில் வேலைக்குப் போகிறான் என்று பையன்கள் சொன்னார்கள்.

எதை மாற்றிச் செய்வேன்

போனில் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் கண்டிப்பாக மாட்டேன். இப்போதெல்லாம் வாரநாளில், முடிந்தால் அம்மாவிடம், வீட்டு வாசலிலோ கம்பெனி டீ டைமிலோ நேரில்தான் சொல்கிறேன், சொன்னதும் கிளம்பி வராமல் அடுத்து என்ன செய்யலாம் என்பது வரை இருக்கிறேன். அன்றைக்கே கையில் கொடுக்க ஒரு வழி வேண்டும், ஆஸ்பத்திரியில் எந்த அறை, எந்தக் கிழமை என்பது வரை. அதற்கும் போக முடியாதவர்களுக்கு 14446 என்ற கட்டணமில்லாப் போதை மீட்பு உதவி எண்ணையாவது எழுதிக் கொடுக்கலாம்.

பெற்றோர் கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றியிருக்கிறோம். ஆசிரியர்களில் சிலருக்கு என் மேல் கோபம், நியாயம்தான். ஆனால் வெள்ளி மதியம் பதினைந்து பேர் வந்த இடத்தில் இப்போது ஐம்பதைத் தாண்டுகிறது. அங்கே போதைக்கு எதிரான வீடியோ எதுவும் நான் போடுவதில்லை. மூன்று விஷயம்தான் கேட்கிறேன்: நாலிலிருந்து எட்டரை வரை பிள்ளை எங்கே, ஞாயிற்றுக்கிழமை எங்கே, கையில் காசு எங்கிருந்து வருகிறது. அதோடு, திடீரென்று காரம் ஆகவில்லை என்கிற பிள்ளை இருந்தால் உதட்டை மடித்துப் பாருங்கள் என்று இந்த அம்மா எழுந்து சொன்னார் ஒரு தடவை. மணத்தக்காளிக் கதையையும் சொன்னார். கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்தார்.

இன்னொன்று, ஒன்பதாம் வகுப்பு ரொம்பத் தாமதம். இவனுக்குப் பழக்கம் தொடங்கியது எட்டு முடிந்த லீவில், அதற்கு வழி போட்டது எட்டு வயதில் அப்பா அனுப்பிய கடை. ஆறாம் வகுப்பிலேயே பேச ஆரம்பித்திருக்க வேண்டும். தம்பி விஷயத்தில் அந்த வீடு அதைத்தான் செய்தது. அப்பா அவனைக் கடைக்கு அனுப்பியதே இல்லை, வேண்டுமென்றால் அவரே எழுந்து போகிறார், மழையாக இருந்தாலும். அண்ணன் உதட்டை மடித்துக் காட்டி, "இப்படித்தான்டா இருந்துச்சு, சோறு திங்க முடியாது" என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறான். எங்கள் யாருடைய பேச்சைவிடவும் அது அவன் காதில் ஏறியிருக்கும். எனக்குத் தெரிந்தவரை தம்பி எதுவும் தொடவில்லை. இப்போது எட்டாம் வகுப்பு.

பெரியவன் ஐ.டி.ஐ.யில் சேர்ந்திருக்கிறான். போன மாதம் தம்பியின் பெற்றோர் கூட்டத்துக்கு அவன்தான் வந்து நின்றான், அப்பாவுக்கு அவசர ஆர்டர், ஞாயிறும் வேலை என்று. புத்தகத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினான். அப்பா வரட்டும், ராத்திரி ஒன்பது ஆனாலும் வீட்டுக்கு நானே வந்து கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். "அதுக்குள்ள வெங்காயம் உரிச்சு வச்சிர்றேன் மிஸ்" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளை எடுத்தான்.